மெசினாவில் கடைசி ஐந்து நிமிடம்

போன கிழமை உன் படத்தைக் கொண்டு பிரதி எடுக்கும் கடைக்குப் போனேன். உன் முப்பத்தோராம் நாள் நினைவுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கச் சின்னதாக ஓர் அட்டை. கடைக்காரர் ஒவ்வொன்றாக லமினேட் மெஷினுக்குள் விட, மற்றப் பக்கத்தால் நீ பளபளவென்று வெளியே வந்தாய். சூடேறிய பிளாஸ்டிக்கின் மணம் கடை முழுக்கப் பரவியது. என் கை தன்பாட்டில் நெஞ்சுக்குப் போய்ச் சட்டைக்கு மேலால் தடவிப் பார்த்தது. அங்கே இப்போது ஒன்றும் இல்லை. இத்தாலிக் குடியுரிமை அட்டை கைப்பைக்குள் கிடந்து பத்து வருடத்துக்கு மேலாகிறது. ஆனாலும் அந்த மணம் மூக்கில் ஏறினால் என் வயிற்றுக்கு இன்னும் தொண்ணூற்றைந்தாம் ஆண்டுதான். கடைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு, “உட்காருங்கள் சிஞ்ஞோரா, முகம் வெளுத்துவிட்டதே” என்றார். வெக்கையால் என்று சொன்னேன். மாசி மாதத்தில் வெக்கையாம்.

நீ பக்கத்தில் நின்றிருந்தால் கடை அதிரச் சிரித்திருப்பாய். “இவள் செத்தாலும் பயந்து பயந்துதான் சாவாள்” என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நீ. சாகிற விஷயத்தில் மட்டும் என்னை முந்திவிட்டாய். பயப்படாமல் போனாயா என்று எனக்குத் தெரியாது. அதைக் கேட்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது பலெர்மோ நகரத்து அல்பெர்கேரியாவில் நாம் இரண்டு பேரும் சேர்ந்து எடுத்திருந்த அறையில் கிழமைக்கு ஒன்றரை நாள்தான் குடியிருப்பு. மற்ற நாளெல்லாம் வேலை செய்யும் வீட்டிலேயே படுக்கை. வியாழன் பின்னேரமும் ஞாயிற்றுக்கிழமையும் மட்டும் நமக்குச் சொந்தம். நான் ஒரு வயதான சிஞ்ஞோராவைத் தூக்கி இருத்திக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். நீ ஒரு டொக்டர் வீட்டில். சமையல், துணி, எல்லாவற்றுக்கும் மேலாக அந்த வீட்டுப் பிள்ளை கியாரா. பத்து வயதிலிருந்து அவளுக்கு நீதான் தலை இழுத்துப் பின்னினாய், நீதான் சோறு தின்னப் பழக்கினாய். அவள் உன்னை ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுவாள். அது உன் பெயர் என்றே அந்த வீட்டில் எல்லாரும் நினைத்திருந்தார்கள். அவள் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பெண்கள் கூடைப்பந்து அணியில் சேர்ந்தபோது, அவளைப் பெற்றவளை விட உனக்குத்தான் தலைகால் தெரியவில்லை.

யாழ்ப்பாணத்தில் உன் கல்லூரியின் வலைப்பந்து அணியில் நீ கோலுக்கு எறிகிறவள். வலைப்பந்தில் பந்தை வைத்துக்கொண்டு நடக்கக் கூடாது, தட்டிக்கொண்டு ஓடவும் கூடாது. கூடைப்பந்தில் தட்டிக்கொண்டு ஓடுவதுதான் ஆட்டமே. இந்த வித்தியாசத்தை யார் சொல்லியும் நீ ஏற்றுக்கொள்ளவில்லை. “கூடை ஒண்டுதானேயடி” என்பாய். பந்து நம் பிள்ளைகளின் கையில் வந்தால் போதும், படியில் எழும்பி நின்று, “ஓடாதை! நிண்டு எறி! எறியடி!” என்று தொண்டை கிழியக் கத்துவாய். மாணவர்கள் முதல் வருடம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த வருடம் அவர்களும் கத்தத் தொடங்கினார்கள். என்ன சொல்கிறோம் என்று தெரியாமலே ஒரு மண்டபம் முழுக்க “எறி! எறி!” என்று அலறும். கியாராவுக்கு மட்டும் எறியக் கிடைக்கவில்லை. மூன்று வருடமாக மாற்று ஆட்டக்காரிகளின் வாங்கிலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் சட்டையை நீ ஒவ்வொரு கிழமையும் தோய்த்து இஸ்திரி போட்டு அனுப்புவாய், அது வியர்க்காமலே திரும்பி வரும், மறுபடியும் தோய்ப்பாய்.

எனக்கு அந்த ஆட்டத்தில் ஒரு மண்ணும் விளங்காது. என் மனம் முழுக்க ஒரு கடுதாசியில் இருந்தது. கொழும்பில் ஒரு வாடகை அறையில் என் மனிசனும் ஏழு வயது டிலானியும் இருந்தார்கள். மன்னார்க்காரர் என்பதால் பொலிஸ் பதிவு எங்கே, பதிவு எங்கே என்று வீட்டுக்காரி நச்சரித்துக்கொண்டிருந்தாள். இங்கே இருக்க எனக்குத் தந்திருந்த அனுமதிப் பத்திரம், நம் வாயில் பெர்மெசோ, அந்த மே மாதத்தோடு முடிகிறது. அதைப் புதுப்பித்தால் அவர்களைக் கூப்பிட எழுதிப் போடலாம். புதுப்பிக்காவிட்டால் நானே இங்கே கள்ளி. மே தினம் கழிந்த புதன்கிழமை காலை குவெஸ்தூராவுக்கு, அதுதான் பொலிஸ் தலைமை அலுவலகத்துக்கு, வரச் சொல்லித் தவணை தந்திருந்தார்கள். பிள்ளையைப் பிரிந்து நாலு வருடம். ரெலிபோனில் அவள் குரல் யாரோ ஒருத்தியின் குரல் மாதிரிக் கேட்கத் தொடங்கியிருந்தது. அதைப் பற்றி உன்னிடம்கூட நான் சொல்லவில்லை.

அந்த நாளைய பெர்மெசோ மடித்த ஒரு தாள்தான். ஒரு மூலையில் படம், படத்தின் மேல் பாதி ஏறின முத்திரை. நான் அதை மேசை லாச்சியிலும் வைக்க மாட்டேன், கைப்பையிலும் வைக்க மாட்டேன். சட்டைக்குள் நெஞ்சோடு வைத்திருப்பேன். வியர்வையில் அது மடிப்பு மடிப்பாகப் பிரியத் தொடங்கியிருந்தது. தவணைக்கு முதல் வியாழன் பின்னேரம் நான் குளித்துவிட்டு வந்தால், கட்டிலில் வைத்த பெர்மெசோவைக் காணவில்லை. அறையைத் தலைகீழாகப் புரட்டினேன். அந்தோனியாருக்கு மெழுகுதிரி நேர்ந்தேன். ஒரு மணித்தியாலம் கழித்து நீ வாசலில் வந்து நின்றாய், முகம் முழுக்கச் சிரிப்போடு.

“கண்ணைத் துடைச்சுப்போட்டுக் கையை நீட்டு” என்றாய். “இனி மழை பட்டாலும் ஒண்டும் செய்யாது. உன்ர வேர்வையாலையும் ஒண்டும் செய்யேலாது.”

பெர்மெசோவை லமினேட் பண்ணிக் கொண்டுவந்திருந்தாய். கண்ணாடி மாதிரி மின்னியது, இளஞ்சூடு இன்னும் ஆறவில்லை. அதில் என்ன பிழை என்று நமக்கு எப்படித் தெரியும்? ஊரில் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சோதனைப் பெறுபேறு, என்னைப் போன்றவர்களுக்கு ஞானஸ்நானச் சீட்டு, எல்லாவற்றையும் லமினேட் பண்ணித்தானே வைத்தோம். எத்தனை தரம் வீட்டை விட்டு ஓடினாலும், எந்த மழைக்குள் ஓடினாலும், கையில் மிஞ்சியது அதுதானே. நான் பெர்மெசோவைக் கொஞ்சினேன். உனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தேன். அந்தச் சந்தோசத்தில், ஞாயிறும் திங்களும் உன்னோடு ஆட்டம் பார்க்க வருவதாக வாக்கும் கொடுத்துவிட்டேன்.

ஞாயிறு கத்தானியா, மே தின விடுமுறையான திங்கள் மெசினா. நம் பல்கலைக்கழகத்துக்கு இரண்டும் பரம எதிரிகள். ஒரே பஸ்ஸில் அணிப் பிள்ளைகள் முன்னால், கத்தப் போகிறவர்கள் பின்னால். முப்பது மாணவர்கள், ஒரு மேளம், இரண்டு தமிழ்ப் பெண்கள், ஒரு சட்டி நிறைய நீ பொரித்த கட்லெட். பஸ் பலெர்மோவைத் தாண்ட முதலே சட்டி பாதியாகிவிட்டது. பெடியன்கள் உனக்கு இளஞ்சிவப்பு நிறக் கழுத்துத்துண்டு ஒன்றைக் கட்டிவிட்டார்கள். எனக்கும் ஒன்று நீட்டினார்கள். நான் மடியில் வைத்துக்கொண்டேன். கோதுமை வயல்கள் பச்சையாக ஓடிக்கொண்டிருந்தன. நாலு வருடத்தில் பலெர்மோவைத் தாண்டி நான் போன முதல் பயணம் அது. ஒரு மணித்தியாலம் என்றாலும் நான் சந்தோசமாக இருந்தேன் என்பதை இப்போதாவது ஒப்புக்கொள்கிறேன்.

கத்தானியாவுக்குக் கிட்ட பஸ்ஸை மறித்தார்கள். அந்த வருடங்களில் மாஃபியாவை அடக்கவென்று இந்தத் தீவெங்கும் பட்டாளம் இறங்கியிருந்தது. வீதியோரம் துவக்கோடு நாலைந்து இளம் சிப்பாய்கள் நிற்க, ஒரு பொலிஸ்காரர் உள்ளே ஏறினார். மாணவர்கள் பாட்டைக்கூட நிறுத்தவில்லை. எனக்கோ மன்னார்ப் பாலத்துச் சோதனைச் சாவடி கண்ணுக்குள் வந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நீ சொல்வது சரிதான். ஆனால் அன்றைக்குப் பேய் நேராக என்னிடம்தான் வந்தது. அத்தனை பேரையும் தாண்டிக் கடைசி இருக்கைக்கு வந்து, எங்கள் இரண்டு பேரிடமும் மட்டும் கடுதாசி கேட்டார்.

உன்னுடைய தாளை ஒரு பார்வை பார்த்துத் திருப்பித் தந்தார். என்னுடையதை வளைத்துப் பார்த்தார், யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், விரலால் தட்டினார். “இதற்கு யார் பிளாஸ்டிக் போட்டது?” என்று கேட்டார். “போடக் கூடாது சிஞ்ஞோரா. முத்திரையைத் தொட்டே பார்க்க முடியவில்லை. படத்தை மாற்றி ஒட்டினீர்களா இல்லையா என்று நான் எப்படி அறிவேன்?” கியாரா முன்னிருக்கையிலிருந்து ஓடி வந்து, இவர்கள் இரண்டு பேரும் எங்கள் வீட்டு ஆட்கள் என்று படபடவென்று கதைத்தாள். அவர் தாளை என் மடியில் போட்டார். “நான் விட்டுவிடுகிறேன். புதுப்பிக்கப் போகும் இடத்தில் பார்த்துக்கொள்வார்கள்” என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை. நீ என் முழங்காலைத் தட்டி, “அந்தாளுக்கு வேலை இல்லையடி, யோசியாதை” என்றாய். அவர் சொன்ன கடைசி வார்த்தை எனக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டது. பார்த்துக்கொள்வார்கள் என்றால் என்ன பார்த்துக்கொள்வார்கள்? பிடித்து வைப்பார்களா? அனுப்புவார்களா? கொழும்புக்கு நான் போய் இறங்கினால் டிலானியின் முகத்தில் எப்படி விழிப்பது? கத்தானியாவின் கரிய கல்லுக் கட்டடங்களும், மண்டபத்துக்குப் பின்னால் புகைந்துகொண்டிருந்த மலையும், எதிராளிகள் எங்கள் மேல் எறிந்த தோடம்பழத் தோலும் நினைவிருக்கின்றன. ஆட்டம் நினைவில்லை. நாங்கள் வென்றோம் என்று பிறகு சொன்னாய். கியாரா வாங்கை விட்டு எழும்பவில்லை என்றும் சொன்னாய்.

அன்றிரவு மாணவிகள் விடுதியில் மெத்தை போட்டுத் தந்தார்கள். நீ குறட்டை விட்டாய். நான் பெர்மெசோவின் ஓரத்தை நகத்தால் கிளப்பிப் பார்த்துக்கொண்டு விடிய விடியக் கிடந்தேன்.

திங்கள் காலை பஸ்ஸில், சட்டம் படிக்கும் ஒரு பெண்ணிடம் நீ விஷயத்தைக் கேட்டாய். என் பயத்தைத் தெளிவிக்கத்தான் கேட்டாய். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, பத்திரத்தை மாற்றினதாக எடுத்தால் வழக்குப் போடலாம், வழக்கு இருந்தால் புதுப்பிக்க மாட்டார்கள் என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, சூடு காட்டினால் பிளாஸ்டிக் கழலும் என்றும், தன் நூலக அட்டையை ஒருமுறை அப்படிக் கழற்றியிருப்பதாகவும் சேர்த்துச் சொன்னாள். அது போதும் எனக்கு. கழற்றினால் தப்பலாம். கழற்றாவிட்டால் போச்சு. மெசினா வரும்வரை இது தவிர வேறு ஒன்றும் என் தலைக்குள் இல்லை.

அது மட்டுமில்லை. மெசினாவிலிருந்து திரும்பும் பாதையில் அந்த நாளில் நெடுஞ்சாலை பாதிக்கு மேல் இல்லை. மீதிக்கு ஊர்களுக்குள்ளால்தான் போக வேண்டும். எந்த ஊர் முகப்பிலும் மறிக்கலாம். இன்னொரு பொலிஸ்காரரிடம் அந்தப் பளபளப்பை நீட்ட என்னால் முடியாது. ஆட்டம் முடிந்த உடனே பஸ் கிளம்பும் என்று சாரதி சொல்லிவிட்டார். ஆகவே ஆட்டம் நடக்கும்போதே, உடுப்பு மாற்றும் அறை வெறுமையாக இருக்கும்போதே, கழற்றிவிட வேண்டும். கியாராவின் பைக்குள் தலை உலர்த்தும் மெஷின் இருந்தது. அதை மடித்து வைத்தவளே நீ.

இரண்டாம் பாதி தொடங்கினதிலிருந்து உன்னை அரித்துக்கொண்டிருந்தேன்.

“வா போவம்.”

“பொறடி.”

“பிறகு பிள்ளையள் உள்ளுக்கை வந்திடுவினம். வா.”

“இன்னும் அஞ்சு நிமிசம்தான் கிடக்கு. சமனிலை நிக்குது, கண் தெரியேல்லையே உனக்கு?”

அந்த நேரம்தான் எங்கள் பிள்ளை ஒருத்தி கால் பிசகி விழுந்தாள். பயிற்சியாளர் வாங்கைத் திரும்பிப் பார்த்தார். கியாரா எழும்பி மேற்சட்டையைக் கழற்றினாள். நீ என் கையைப் பிடித்த பிடியில் உன் நகம் பதிந்தது.

“ஐயோ இஞ்சை பார், பிள்ளையை இறக்கப் போறாங்கள்! இஞ்சை பாரடி!”

நான் பார்க்கவில்லை. நான் சொன்னேன்: “உனக்கெண்டு ஒரு பிள்ளை இருந்திருந்தால் என்ர அந்தரம் விளங்கியிருக்கும்.”

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அத்தனை மேளத்துக்குள்ளும் உனக்குக் கேட்டது. கல்யாணம் கட்டாமல் மூன்று தம்பிமாரை வெளிநாடு அனுப்பினவள் நீ. பத்து வருடம் தலை இழுத்து, சோறு ஊட்டி நீ வளர்த்த பிள்ளை அங்கே மைதானத்துக்குள் கால் வைக்கிறாள், இங்கே நான் இதைச் சொல்கிறேன். தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று பிற்காலத்தில் எனக்கு நானே கதை விட்டிருக்கிறேன். பொய். எங்கே குத்தினால் நீ எழும்புவாய் என்று எனக்குத் தெரியும். நீ என் கையை விட்டாய். ஒரு தரம் மைதானத்தைப் பார்த்தாய். கழுத்துத்துண்டை உருட்டிப் பைக்குள் வைத்தாய்.

“எழும்பு” என்றாய்.

உடுப்பு மாற்றும் அறையில் ஈரத் துவாயும் சவர்க்காரமும் மணத்தன. நீ மெஷினைச் செருகி, என் பெர்மெசோவை வாங்கில் வைத்து, மேலும் கீழுமாகச் சூடு காட்டினாய். பிளாஸ்டிக் இளகும் மணம் வந்தது. நகத்தால் ஓரத்தைக் கிளப்பினாய். ஒரு விரல் அகலம் உரிந்தது. எனக்கு மூச்சு வந்தது. அப்போதுதான் சுவருக்கு அங்கால் தொடங்கியது. “எறி! எறி!” முதலில் நாலைந்து பேர், பிறகு எல்லாரும். நீ தொடக்கிவைத்த சொல்லை நீ இல்லாமலே கத்தினார்கள். ஒரு நொடி ஒரு சத்தமும் இல்லை. பிறகு சுவர் அதிர்ந்தது. மேலே கூரைத் தகடு நடுங்கினது எனக்கு இன்னும் தெரிகிறது.

உன் கை நின்றது. மெஷின் சும்மா ஊதிக்கொண்டிருந்தது. கதவைப் பார்த்தாய். ஓடு என்று நான் சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான். நான் பெர்மெசோவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அங்காலைப் பக்கத்தைப் பிடி” என்றாய். “ஆடாமல் பிடி.”

இன்னொரு விரல் அகலம் உரிந்தது. அதோடு என் படமும் சேர்ந்து கிளம்பியது. நெற்றியும் ஒரு கண்ணும் பிளாஸ்டிக்கோடு போக, வாயும் நாடியும் தாளில் நின்றன. நீ மெஷினை நிறுத்தினாய். “இதுக்கு மேலை வேண்டாம், முழுக்கக் கிழிஞ்சிடும்” என்றாய். கிளம்பினதை உள்ளங்கையால் அழுத்தி ஒட்டி, என் கையில் தந்துவிட்டு, மெஷினின் வயரைச் சுற்றிப் பைக்குள் பழையபடி வைத்தாய்.

நாம் வெளியே வந்தபோது ஆட்டம் முடிந்திருந்தது. கியாரா சனத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்து உன் கழுத்தில் தொங்கினாள். கடைசிக் கூடை அவளுடையது. அதனால்தான் வென்றார்கள்.

“அக்கா! பார்த்தாயா? பார்த்தாயா?”

“கண்டன்! கண்டனான், கண்டனான்” என்று தமிழில் சொல்லிச் சொல்லி அழுதாய். அவளுக்கு அவ்வளவு தமிழ் விளங்கும். உன் தோளுக்கு மேலால் நீ என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நல்லது என்று நினைக்கிறேன்.

பஸ்ஸில் நீ என் பக்கத்தில் இருக்கவில்லை. மிச்சக் கட்லெட்டைத் தூக்கிக்கொண்டு இருக்கை இருக்கையாகப் போனாய். கோபத்தில் விலகியிருக்கிறாய் என்று நினைத்தேன். அதுவும் இருந்திருக்கும். ஆனால் கொஞ்ச நேரத்தில் காது கொடுத்தபோது விளங்கியது. ஒருத்தனிடம், “எந்தப் பக்கத்தால் வந்தாள், சொல்லு பார்ப்போம்” என்று சோதனை வைப்பது போலக் கேட்கிறாய். இன்னொருத்தியிடம், “வளையத்தில் பட்டதா, நேராக விழுந்ததா?” என்கிறாய். எல்லாரும் போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். பலெர்மோ வருவதற்குள் உன் கையில் அந்தக் கடைசிக் கூடை முழுக்க இருந்தது. வழியில் ஒரு பொலிஸ்காரரும் எங்களை மறிக்கவில்லை.

புதன்கிழமை நீ வருவாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. டொக்டர் வீட்டில் சொல்லிவிட்டு வந்து குவெஸ்தூரா வாசல் வரிசையில் நின்றாய். என் முறை வந்தது. கவுண்டரில் இருந்தவர் என் பெர்மெசோவைக் கையில் எடுத்தார், நெற்றியில் அடித்துக்கொண்டார், லாச்சியை இழுத்துக் காட்டினார். உள்ளே இன்னும் மூன்று, எல்லாம் பளபளவென்று.

“ஸ்ரீலங்கா! இரண்டு கிழமைக்குள் நீங்கள் நாலாவது! உங்கள் நாட்டில் என்ன, வருடம் முழுக்க மழையா?” என்று சிரித்தார். “இதை வாங்கி வைத்துவிட்டுப் புதிதாக எழுதுவோம், அவ்வளவுதான்.” பிறகு கிளம்பியிருந்த படத்தைக் கண்டார். சிரிப்பு நின்றுவிட்டது. “இது என்ன?”

நீ என்னை இடித்துக்கொண்டு முன்னால் வந்தாய். உனக்குத் தெரிந்த இத்தாலியத்தையெல்லாம் திரட்டி, பிளாஸ்டிக் போட்டதும் நான், கழற்றினதும் நான், இந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது, வேண்டுமென்றால் என்னுடைய பெர்மெசோவைப் பிடித்து வையுங்கள் என்று சொல்லி, உன் தாளைக் கண்ணாடிக்குக் கீழால் தள்ளினாய். அவர் உன்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், திருப்பித் தள்ளினார்.

“தொடாமல் விட்டிருந்தால் இன்றைக்கே முடிந்திருக்கும். இனி வேலை கொடுப்பவரின் கடிதமும் புதுப் படமும் வேண்டும். அடுத்த கிழமை வாருங்கள்.”

தொடாமல் விட்டிருந்தால்.

வெளியே வந்து அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். தப்பினேன் என்ற நினைப்பு முதலில் வரவில்லை. கூரை நடுங்கினதுதான் வந்தது. நான் வாயைத் திறந்தேன். நீ முந்திக்கொண்டாய். “பசிக்குது எனக்கு, எழும்பு” என்று, பல்லாரோ சந்தைக்குக் கூட்டிப்போய்க் கடலைமாப் பொரியல் வைத்த பாண் வாங்கித் தந்தாய். நான் தின்றேன். மன்னிப்புக் கேட்க வைத்திருந்த வாயால் தின்றேன்.

அடுத்த கிழமை கடிதத்தோடு போனேன், மூன்றாம் கிழமை புதுப் பெர்மெசோ வந்தது, மார்கழியில் டிலானி வந்தாள். விமானநிலையத்தில் என்னைக் கண்டு தகப்பனுக்குப் பின்னால் ஒளிந்தவளை, நீதான் ஏதோ கதை சொல்லி வெளியே எடுத்தாய். என்ன கதை என்று நினைக்கிறாய்? மெசினாக் கதை. அதற்குப் பிறகு எத்தனை தரம்! கியாரா பட்டம் பெற்ற அன்று, அவள் கல்யாண விருந்தில், ஸ்ஃபெர்ராகவால்லோவில் நாம் எல்லாரும் மீன் சாப்பிடப் போன ஞாயிறுகளில். ஒவ்வொரு தரமும் அதே இடத்தில் குரலைத் தாழ்த்துவாய், அதே இடத்தில் கையைத் தூக்குவாய். நான் பக்கத்தில் இருந்து தலையாட்டுவேன். நீ பார்க்கவில்லை என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். யாரால் பார்க்கவில்லை என்று தெரிந்தவளும் நான்தான். ஒரு நாளாவது அதை எனக்குக் குத்திக் காட்டியிருந்தால் மனம் ஆறியிருக்கும். ஆசுபத்திரியில் கடைசிக் கிழமை, “அண்டைக்கு நான் சொன்னது...” என்று தொடங்கினேன். “உன்ர கதையை விட்டுட்டுத் தலாணியை உயர்த்து” என்றாய். உயர்த்தினேன். நான் பயந்தாங்கொள்ளி என்பது உனக்குத் தெரிந்ததுதானே.

நேற்று முப்பத்தோராம் நாள் முடிந்தது. ஒரேத்தோவில் உள்ள எங்கள் வீட்டில் சனம் நிறைந்து வழிந்தது. சாப்பாடு முடிந்து எல்லாரும் போன பிறகும் கியாரா போகவில்லை. தலை நரைக்கத் தொடங்கிவிட்டது அவளுக்கு. குசினியில் நான் பாத்திரம் கழுவ, பக்கத்தில் நின்று துடைத்துக்கொண்டிருந்தாள்.

“அன்றைக்கு மெசினாவில் நீங்களும் அக்காவுக்குப் பக்கத்தில்தானே இருந்தீர்கள்?” என்று கேட்டாள். “என்னோடு விளையாடினவர்களைக் கேட்டேன், ஒருத்திக்கும் நினைவில்லை. படமும் இல்லை. எனக்கே மறந்துபோயிற்று. அக்கா சொல்லச் சொல்லத்தான் நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தரம் சொல்கிறீர்களா?”

முப்பது வருடமாக நான் தேடின வாசல் திறந்து கிடந்தது. நடந்ததைச் சொல்லிவிடலாம். எங்கே இருந்தோம், என்ன சொன்னேன், எதற்காக. என் நெஞ்சு கொஞ்சம் லேசாகும். அவளுக்கு என்ன ஆகும்? அவள் துவாயைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள், சின்னப் பிள்ளை கதை கேட்கிற மாதிரி.

நான் கையைத் துடைத்தேன். நீ தாழ்த்தும் இடத்தில் குரலைத் தாழ்த்தினேன். “கியாரா, நீ இடப்பக்கத்தால் வந்தாய்” என்றேன். “உயரமான ஒருத்தி குறுக்கே பாய்ந்தாள், நீ ஓடவில்லை, நின்றாய், நின்று எறிந்தாய். பந்து வளையத்தில் ஒரு தரம் சுற்றி, விழுவோமா விடுவோமா என்று யோசித்து, உள்ளே விழுந்தது. அக்கா என் கையைப் பிடித்தபடி எழும்பி நின்றாள், இரண்டு பேரும் கத்தினோம்.” இவ்வளவும் சொன்னேன். குரல் தடுமாறவில்லை. நீ இதுவரை சொல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொன்னேன்: என் பிள்ளை, என் பிள்ளை என்று அக்கா கத்தினாள் என்றேன்.

அந்தப் பந்தை நான் பார்க்கவில்லை. இனி அதைப் பார்த்தவள் என்று இந்த உலகத்தில் நான் ஒருத்திதான் இருக்கிறேன்.